வாக்கெடுப்பும் சிறு தொகையினரின் உரிமையும்
(படிப்பு வட்டங்களுக்கான பாடம்)



ஒரு குளத்தை நம்பி அறுபது குடும்பங்கள் வயல் செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் நாற்பத்தெட்டுக் குடும்பங்களின் வயல்கள் மதகுக்கு அருகில் உள்ளன. மற்றப் பன்னிரண்டு குடும்பங்கள் இடம்பெயர்ந்து வந்து பின்னர் குடியேறியவர்கள். அவர்களுடைய வயல்கள் வாய்க்காலின் கடைசியில் இருக்கின்றன. ஒரு சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்து போகின்றது. கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இந்தப் போகத்துக்குக் கடைசி வாய்க்காலை மூடிவிடுவோம். சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கள்" என்கிறார். நாற்பத்தெட்டுக் கைகள் உயர்கின்றன. எதிராகப் பன்னிரண்டு கைகள். தீர்மானம் நிறைவேறியது என்று செயலாளர் கூட்ட அறிக்கையில் எழுதுகிறார்.

இதில் கள்ள வாக்கு எதுவும் இல்லை. எல்லோரும் பேசினார்கள். குடும்பத்துக்கு ஒரு வாக்கு கிடைத்தது. ஆயினும் கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது பன்னிரண்டு குடும்பங்களின் அடுப்பு அணைந்துவிட்டது. அடுத்த கூட்டத்திலும் அவர்கள் பன்னிரண்டு பேர்தான். அதற்கு அடுத்த கூட்டத்திலும் அப்படியே.

வாக்கெடுப்பு நல்லதொரு கருவி. ஆனால் எண்ணிக்கையில் குறைந்தவர்களின் பிழைப்பையே வாக்குக்கு விட்டால் என்ன நடக்கும்? இதுவே இப்பாடத்தின் கேள்வி.

1. இரண்டு வகை வாக்கு

நாம் பிரதேச சபைக்கோ பாராளுமன்றத்துக்கோ ஒருவரைத் தெரிவு செய்து அனுப்புகின்றோம். அவர் அங்கு மற்றவர்களோடு பேசி, விட்டுக்கொடுத்து, ஒரு முடிவுக்கு வருகிறார். இது பிரதிநிதித்துவ முறை.

சில வேளைகளில் பிரதிநிதிகளிடம் விடாமல், ஒரு கேள்வியை நேராக மக்கள் முன் வைத்து "ஆம்" அல்லது "இல்லை" என்று கேட்பார்கள். இதனைச் சர்வஜன வாக்கெடுப்பு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். எமது அரசியலமைப்பு இதனை மக்கள் தீர்ப்பு என்கிறது. இங்கு பேரம் பேசவோ, ஒரு பகுதிக்குச் சம்மதித்து மறு பகுதியைத் திருத்தவோ இடமில்லை. கூடுதலான தலைகள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே முடிவு.

இரண்டு முறைகளிலும் வாக்குப் பெட்டி வைக்கப்படுவதற்கு முன்பே இரண்டு காரியங்கள் முடிந்துவிடுகின்றன. ஒன்று, யாருடைய பெயர் இடாப்பில் இருக்கும் என்பது. மற்றது, எந்த விடயத்தை வாக்குக்கு விடலாம் என்பது. இவ்விரண்டையும் எமது சொந்த வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

2. பெயர் வெட்டப்பட்ட கதை

பதுளைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளி இருக்கின்றது. அங்கும் பசறை, நமுனுகுல, தெமோதர, ஹாலிஎல முதலிய பக்கங்களிலும் உள்ள தோட்டங்களில் பிறந்து, இன்று வேறு இடங்களில் மண்ணைக் கொத்தி வாழும் குடும்பங்கள் எமது வாசகர்களில் பலர். உங்கள் பாட்டன்மார் காலத்தில் நடந்தது இது.

1931இல் டொனமூர் யாப்பின் கீழ் இலங்கையில் சர்வஜன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் அதற்குள் நிபந்தனைகள் இருந்தன. இந்த நாட்டிலேயே நிலையாக வாழ்பவர் என்று அவர்கள் காட்ட வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். லயத்து மக்களின் வாக்குக்கு முதன்முறையாகப் பெரிய பலம் தெரிந்தது.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் மூன்று சட்டங்கள் வந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், வம்சாவளியால் குடியுரிமை பெறுவதற்குத் தகப்பன் வழியில் இந்த நாட்டில் பிறந்ததற்கான அத்தாட்சியைக் கேட்டது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத அந்தக் காலத்தில் லயத்தில் பிறந்தவர்கள் அத்தாட்சிக்கு எங்கே போவார்கள்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்தியர், பாக்கிஸ்தானியர் எனக் கருதப்பட்டவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற ஒரு வழி திறந்தது. சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜை அல்லாதவர்களின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. சுமார் ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவர்களும் வாக்கற்றவர்களும் ஆனார்கள்.

1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்று கூட மிஞ்சவில்லை. மலையக மக்களின் கட்சியிலிருந்து ஒருவர் வாக்கினால் மீண்டும் பாராளுமன்றம் செல்ல 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு எஸ். தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் தெரிவானார்.

அப்போது இருந்த சோல்பரி யாப்பில் ஒரு காப்பு இருந்தது. எந்தவொரு சமூகத்துக்கும் மற்றவர்களுக்கு இல்லாத பாதகத்தைச் செய்யும் சட்டம் செல்லாது என்று அதன் 29ஆம் பிரிவு கூறியது. அதைக் காட்டி வழக்குத் தொடுக்கப்பட்டது. கோடக்கன் பிள்ளை வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கில், லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1953இல் அச்சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. பிரஜைகள் யார் என்று வரையறுப்பது அரசின் அதிகாரம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட சட்டம் ஒரு சாராரின் மேல் மாத்திரம் விழக்கூடும் என்பதை இதிலிருந்து கற்கிறோம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டது. மிகுதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்கும் என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை! தங்கள் தலைவிதியைப் பற்றி அம்மக்களிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களுடைய பெயர்தான் இடாப்பில் இல்லையே!

1988இலும் 2003இலும் வந்த சட்டங்களே இக்குறையைத் தீர்த்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இது நேரடி வாக்கெடுப்பினால் நடந்ததல்ல, பாராளுமன்றமே செய்தது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆகவே பிரதிநிதித்துவ முறையில் மட்டும் சிறு தொகையினர் பத்திரமாக இருப்பார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. இனி நேரடி வாக்கெடுப்பைப் பார்ப்போம்.

3. விளக்கும் குடமும்

இலங்கையில் நாடு முழுவதற்குமாக நடந்த ஒரே சர்வஜன வாக்கெடுப்பு 1982 டிசெம்பர் 22ஆம் திகதி நடந்தது. 1977இல் தெரிவான பாராளுமன்றம், தேர்தல் இல்லாமலே மேலும் ஆறு ஆண்டுகள் தொடரலாமா என்பதே கேள்வி. "ஆம்" என்பதற்கு விளக்குச் சின்னம். "இல்லை" என்பதற்குக் குடம்.

ஏன் இந்தக் கேள்வி வந்தது? 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 வீத வாக்குகளைப் பெற்று, 168 ஆசனங்களில் 140ஐப் பிடித்திருந்தது. 1978 யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அம்முறையில் தேர்தல் நடந்தால் 51 வீத வாக்குக்கு ஏறக்குறைய 51 வீத ஆசனங்களே கிடைக்கும். யாப்பை விரும்பியபடி திருத்தும் பலம் போய்விடும். தேர்தலுக்குப் பதிலாக வாக்கெடுப்பு வந்ததன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே வாக்கெடுப்பு நடந்தது. "ஆம்" 31,41,223 வாக்குகள், அதாவது 54.66 வீதம். "இல்லை" 26,05,983 வாக்குகள். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் குடத்துக்கே வாக்களித்தனர். ஆனால் நாடு முழுவதும் ஒரே குவியலாக எண்ணப்பட்டபடியால் அது முடிவை மாற்றவில்லை. குடியுரிமை கிடைக்காதிருந்த தோட்ட மக்களுக்கோ விளக்கும் இல்லை, குடமும் இல்லை.

அடுத்த ஆண்டு ஜூலையில் இனக்கலவரம் வெடித்தது. பதுளை நகரிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர் தப்பி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இதை மறக்கமாட்டார்கள். ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. அதன்படி சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர். புதிய பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியிலேயே நடந்தது. வாக்கெடுப்புத்தான் கலவரத்தை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் மக்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லித் தீர்வு காண வேண்டிய மிகக் கொடிய அந்த ஆண்டுகளில், அதற்குரிய சபையில் வடக்கின் நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்தன. ஒரு நாள் வாக்கெடுப்பின் விளைவு ஆறு ஆண்டுகள் நீடித்தது.

4. எது பூட்டப்பட்டிருக்கின்றது?

அரசியலமைப்பின் சில பகுதிகளைப் பாராளுமன்றம் மட்டும் மாற்ற முடியாது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும். இவை எவை என்பதை 83ஆம் உறுப்புரை சொல்கின்றது. நாட்டின் பெயர், ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, கொடி, கீதம், தேசிய தினம், பௌத்த மதத்துக்குரிய முதன்மை இடம், மனச்சாட்சிச் சுதந்திரம், சித்திரவதைக்கு உள்ளாகாதிருக்கும் உரிமை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன.

இனம், மதம், மொழி, சாதி காரணமாக எவருக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்னும் 12ஆம் உறுப்புரை அப்பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. மொழி உரிமை பற்றிய அத்தியாயமும் இல்லை. 3ஆம் உறுப்புரை மக்களின் இறைமைக்குள் அடிப்படை உரிமைகளையும் அடக்குவதால், அதைக் கொண்டு உயர் நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு. எனினும் கொடிக்குப் பூட்டு வெளிப்படையாக இருக்கையில், சமத்துவத்துக்கு அவ்வாறு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பூட்டு இருந்தாலும் திறப்பு யாரிடம்? மக்கள் தீர்ப்பில் முடிவு செய்வது நாடு முழுவதிலும் உள்ள பெரும்பான்மை. சிறு தொகையினருக்குப் பாதகமான மாற்றத்தை அது தடுக்கலாம். அவர்களுக்குச் சாதகமான மாற்றத்தையும் தடுக்கலாம்.

5. பிற நாடுகளின் அனுபவம்

அடிக்கடி வாக்கெடுப்பு நடத்தும் நாடு சுவிற்சர்லாந்து. அங்கு பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று 1959இல் கேட்டார்கள். யாரிடம்? வாக்குரிமை வைத்திருந்த ஆண்களிடம்! மூன்றில் இரண்டு பங்கினர் மறுத்தனர். 1971இல்தான் சம்மதித்தனர். அப்பென்செல் இன்னர்ரோடன் என்னும் சிறிய மாநிலத்தில், மாநில விடயங்களில் பெண்கள் வாக்களிப்பதை 1990இலும் ஆண்கள் திறந்த வெளியில் கூடி, கை உயர்த்தி மறுத்துவிட்டனர். அதே ஆண்டின் இறுதியில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டே பெண்களுக்கு அவ்வுரிமையைக் கொடுத்தது. 2009இல் அந்நாட்டில் பள்ளிவாசல் கோபுரங்கள் கட்டுவதற்குத் தடை கொண்டுவரும் வாக்கெடுப்பு 57 வீதத்துக்கு மேற்பட்ட ஆதரவுடன் வென்றது.

நல்ல உதாரணமும் உண்டு. 1967இல் அவுஸ்திரேலியாவில், ஆதிக்குடிகளை ஒதுக்கி வைத்திருந்த யாப்பின் வாசகங்களை நீக்க நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் "ஆம்" என்றனர். அதே நாட்டில் 2023இல், ஆதிக்குடிகளுக்கு ஆலோசனைச் சபை ஒன்றை யாப்பில் சேர்க்கும் யோசனையை நூற்றுக்கு அறுபது பேர் வரையில் நிராகரித்தனர். மனம் இரங்கிய ஆண்டில் கொடுத்தார்கள், இரங்காத ஆண்டில் மறுத்தார்கள். உரிமை என்பது மற்றவர் மனம் இரங்கும் நாளுக்காகக் காத்திருக்கலாமா?

இவ்விரு நாடுகளிலும் ஒரு ஏற்பாடு நாம் அறிய வேண்டியது. யாப்பை மாற்ற மொத்த வாக்குகளில் பெரும்பான்மை மட்டும் போதாது. மாநிலங்களிலும் பெரும்பான்மையானவை சம்மதிக்க வேண்டும். இதனை இரட்டைப் பெரும்பான்மை என்பர். எமது நாட்டில் அப்படி மாகாணவாரியாக எண்ணும் ஏற்பாடு கிடையாது.

6. அப்படியானால் எமது வாக்கு வீணா?

வீணல்ல. 2015 ஜனவரி 8ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டத்தில் முதலிரு வேட்பாளர்களும் தலைக்குச் சுமார் இரண்டரை இலட்சம் வாக்குகளைப் பெற்றனர். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் முந்நூறு வாக்குகளுக்கும் குறைவு. ஒரு தோட்டத்தின் இரண்டு மூன்று டிவிசன் மக்கள் வாக்களிக்காமல் விட்டிருந்தால் மாவட்ட முடிவு மாறியிருக்கும். 1949இல் பெயர் வெட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அத்தகைய பலம் பெற்றார்கள்.

ஆனால் இப்பலம் பெரும்பான்மையினர் இரு கூறாகப் பிரிந்து நிற்கும்போதே தெரியும். 2019 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கும் கிழக்கும் நுவரெலியாவும் ஒரு பக்கம் வாக்களித்தும், மறு பக்கத்தவர் 52 வீதத்துக்கு மேல் பெற்று வென்றார்.

வாக்கிருந்தும் உரிமை கிடைக்காத சம்பவம் ஒன்று எமது காலடியிலேயே உண்டு. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். உறுப்பினர்களையும் தெரிவு செய்தார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக இருந்தது. லயத்துக்குப் போகும் பாதை குண்டும் குழியுமாய்க் கிடந்தாலும் "அது தோட்டக் காணி" என்பதே பதில். 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாக வாக்கு பெட்டிக்குள் போனது. கல்லும் தாரும் பாதைக்கு வரவில்லை.

ஆகவே இரண்டும் வேண்டும். வாக்கும் வேண்டும்; வாக்கினால் பறிக்க முடியாத உரிமையும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் ஒற்றை மாட்டு ஏர் போலத்தான்.

7. நாம் செய்யக்கூடியவை

முதலாவது, இடாப்பு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல இடங்களில் மண் சரிந்தது. வீடு போகும்போது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் சேர்ந்தே போகின்றன. இடம் மாறும்போது இடாப்பில் பெயரும் நழுவிவிடுகின்றது. ஆகவே வீட்டில் உள்ள பதினெட்டு வயதானோர் அனைவரின் பெயரும் இடாப்பில் உண்டா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் இடாப்புத் திருத்தும் காலத்தில் எழுத்தில் கோரிக்கை கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்களின் பிரதிகளை வேறோர் இடத்திலும் பாதுகாப்பாக வையுங்கள். 1949இல் எமது முன்னோர் தடுக்கி விழுந்தது கடதாசி இல்லாமையினால் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, கேள்வி. நாளை ஒரு மக்கள் தீர்ப்பு வந்தால், எந்தக் கட்சி கேட்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். இதனால் எவருடைய உரிமை கூடும், எவருடைய உரிமை குறையும், குறைபவர்கள் இக்கேள்வியை எழுதும்போது கலந்துகொண்டார்களா என்று கேளுங்கள்.

மூன்றாவது, எமது சொந்தச் சங்கம். நாம் ஓரிடத்தில் சிறு தொகையினர். வேறோர் இடத்தில் நாமே பெருந்தொகையினர். எமது கூட்டத்திலும் பின்னர் வந்த குடும்பங்கள், விதவைகள், மற்ற மொழி பேசும் அயலவர்கள் இருப்பார்கள். அவர்களை வாக்கினால் அமுக்கிவிட்டு அரசிடம் நியாயம் கேட்க எமக்கு வாயிராது.

அந்தக் குளத்துக்குத் திரும்புவோம். அங்கு அமைப்பின் யாப்பில் முன்கூட்டியே ஒரு விதி எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? "எந்தப் போகத்திலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது அரை ஏக்கருக்குத் தண்ணீர் உண்டு. கடைசி வாய்க்கால்காரர்களின் சம்மதம் இன்றி இவ்விதியை மாற்ற முடியாது." அதன் பிறகு வாக்கெடுப்பு நடக்கட்டும். எந்த நாளில் திறப்பது, எத்தனை மணித்தியாலம், யார் காவல் என்பனவற்றை நாற்பத்தெட்டுப் பேரும் பன்னிரண்டு பேரும் கை உயர்த்தி முடிவு செய்யட்டும். தோற்றவர்களும் அந்த ஆண்டு கஞ்சி குடிப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கும் வருவார்கள்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் சங்கத்தில் வாக்குக்கு விடக்கூடாத விடயங்கள் எவை? மூன்றைச் சொல்லுங்கள்.

2. உங்கள் குடும்பத்தில் 1964 ஒப்பந்தத்தினால் பிரிந்தவர்கள் உண்டா? மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

3. இரட்டைப் பெரும்பான்மை முறை 1982இல் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமா?

4. உங்கள் குடியேற்றத்தில் இடாப்பில் பெயர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு உதவ யார் முன்வருவார்கள்? கூட்டம் கலையுமுன் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.